டார்க் சாக்லேட்னு சொல்லி நீங்க அனுப்புன 1 கிலோ கட்டி

கஸ்டமர் கேர்ல இருக்கவங்களுக்கு,

வணக்கம். கம்பத்துல இருந்து எழுதுறேன். உங்க சாக்லேட் இறுகவே இல்லன்னு சொல்ல போன வாரம் உங்க நம்பருக்கு மூணு தடவ கூப்ட்டேன், மூணு தடவயும் வேற வேற ஆளு எடுத்தாங்க, பதில் மட்டும் ஒண்ணே ஒண்ணு, "பாத்திரத்துல தண்ணி பட்ருக்கும் மேடம்". தண்ணி படல. அத சொல்லத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசா படிங்க.

குமுளில ஒரு ஹோம்ஸ்டேல கிறிஸ்மசுக்கு 12 பாக்ஸ் கேட்டிருந்தாங்க. பாதி நார்த்தங்கா தோலு, பாதி அன்னாசி, ரெண்டையும் சீனிப்பாகுல வேகவச்சு காயவச்சு சாக்லேட்ல முக்கி எடுக்கறது. கேக்க சுளுவா இருக்கும். நார்த்தங்கா தோலுல கசப்பு போகவே மூணு தடவ புதுத்தண்ணி வச்சு கொதிக்கவிட்டு வடிக்கணும், அப்பறம் சீனியும் தண்ணியும் சரிக்கு சரி போட்டு சிம்முல வச்சு தோலு கண்ணாடி மாதிரி ஆகுறவரைக்கும் பக்கத்துலயே நிக்கணும், சும்மா சும்மா கரண்டிய விட்டு கிண்டுனா பாகு மணல் மணலா பூத்துரும். அதுக்கு மேல கம்பி வலைல பரத்தி காயவைக்கணும். அன்னைக்குன்னு பாத்து மழ விட்டு விட்டு பேஞ்சு தொலைச்சதுல ரெண்டு ராத்திரி ஹால்ல ஃபேனுக்கு அடில அதுதான் படுத்துச்சு, நாங்க எல்லாம் அடுப்படியில படுத்தோம். கையில பிசுபிசுன்னு ஒட்டாம காஞ்சாத்தான் சாக்லேட் பிடிக்கும், அது எனக்கு தெரியும்.

உங்க கட்டி வந்தப்பவே மேல சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. வர்ற வழில வெயில்ல இளகி திரும்ப இறுகுனா கொழுப்பு மேல வந்து அப்படி பூக்கும், சாப்பிடறதுக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, அதுக்கெல்லாம் நான் சண்டைக்கு வரல. போன் பண்ணி கேட்டப்ப உங்க ஆளே சொன்னாரு, பூத்தத விதையா (உருக்குன சாக்லேட் ஒழுங்கா இறுக அதுல போட்டு கிண்டற உருக்காத துண்டு) போடாதீங்க, பளபளப்பா இருக்க நல்ல டார்க் சாக்லேட் வெளிய வாங்கி சேத்துக்கங்கன்னு. சரின்னு பஸ் ஏறி குமுளில தெரிஞ்ச சேச்சி கடையில 250 கிராம் வாங்கிட்டு வந்தேன். உங்க கட்டில 700 கிராம 45 டிகிரிக்கு உருக்கி, சேச்சி சாக்லேட்ல 200 கிராம விதையா போட்டு கிண்டி 28க்கு இறக்கி, திரும்ப 31க்கு ஏத்தி, தெர்மாமீட்டர கீழயே வைக்கல, உங்க பேப்பர்ல போட்டிருந்தது அப்படியே செஞ்சேன்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு, இறுகல. விரல வச்சா ரேகை பதியுது. ஃபிரிட்ஜுல வச்சேன், கெட்டியாச்சு, வெளிய எடுத்து அரை மணில திரும்ப கொழகொழன்னு ஆயிருச்சு, மூணாம் நாள் எல்லாத்துலயும் வெள்ளக்கோடு.

தண்ணி பட்டா இப்படியா ஆகும்? ஒரு சொட்டு விழுந்தாலே சாக்லேட் நிமிசத்துல திரிஞ்சு பிசைஞ்ச மாவாட்டம் கட்டிப்போகும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி என் கையாலயே அப்படி கெட்டிருக்கு. இது அதுக்கு நேர் எதிர்.

அப்பறம்தான் கவர நல்லா பாத்தேன். எம்ஆர்பி ஸ்டிக்கர் ஓரத்துல தூக்கிட்டு நின்னுச்சு, ஹேர் ட்ரையர காட்டி பையப் பைய உரிச்சா அடியில இருக்கு: சர்க்கரை, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், கோகோ சாலிட்ஸ். கோகோவோட சொந்தக் கொழுப்பான கோகோ பட்டர்ங்கற பேச்சே இல்ல. முன்பக்கம் மட்டும் தங்க எழுத்துல கூவர்ச்சர், அதாவது கோகோ பட்டர் நெறைய இருக்க அசல் சாக்லேட்டாம்!

சந்தேகத்துக்கு ரெண்டு ஸ்பூன் எடுத்தேன். ஒண்ணுல உங்களோடது, ஒண்ணுல சேச்சியோட மிச்சம், ரெண்டையும் உருக்கி, டெம்பரிங்னு சொல்ற அந்த இறக்கி ஏத்தற வேல எதும் பண்ணாம பக்கத்துல பக்கத்துல வச்சேன். நிஜ சாக்லேட்ட அப்படி விட்டா லேசுல இறுகாது, இறுகுனாலும் மங்கிப்போய் கோடு விழும், சேச்சியோடது அப்படித்தான் ஆச்சு. உங்களோடது 15 நிமிசத்துல பளபளன்னு இறுகிருச்சு, வாயில போட்டா மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டுது. மறுநாள் சேச்சிகிட்ட ஒரு துண்டு குடுத்தேன், நாக்குல வச்ச ஒடனே "அய்யோ மோளே, இது காம்பவுண்டாணு" அப்படின்னாங்க. காம்பவுண்டுன்னா கோகோ பட்டருக்கு பதிலா வேற கொழுப்பு போட்டு செஞ்சது. பாம் கெர்னல் மாதிரி எண்ணெயில செஞ்ச காம்பவுண்டோட கோகோ பட்டர கலந்தா ரெண்டும் சேந்து இறுகாதாம், இளகித்தான் கெடக்குமாம். ஆக விதைன்னு நான் போட்டதுதான் அம்புட்டையும் கெடுத்திருக்கு, போடச் சொன்னது நீங்க.

காம்பவுண்ட நான் கொற சொல்லல. பிள்ளைங்க பர்த்டே கேக்குக்கு நானே அதத்தான் போடறேன், டெம்பரிங் தொல்ல கிடையாது. ஆனா காம்பவுண்டுன்னு எழுதி காம்பவுண்ட் வெலைக்கு வில்லுங்க, நான் குடுத்தது 1,180 ரூபா.

ஹோம்ஸ்டேக்கு 5 பாக்ஸ்தான் போச்சு, அதும் திரும்ப சேச்சிகிட்ட சாக்லேட் வாங்கி, மிச்சமிருந்த தோல வச்சு. இந்த 1,180 ரூபாயும் விதைக்கு வாங்குன சாக்லேட்டு காசு 310 ரூபாயும் எனக்கு திரும்ப வரணும். மூணு நாள் ஒழைப்புக்கு நான் கணக்கு போடல. 15 நாளுக்குள்ள வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல புகார் பண்ணுவேன், அதுக்கும் மசியலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் இருக்கு, தேனில நுகர்வோர் கமிஷனும் இருக்கு, எனக்கு பஸ்ல ஒரு மணி நேரம்தான்.

மிச்சக் கட்டிய ஜிப்லாக் கவர்ல போட்டு வச்சிருக்கேன், உங்க கூரியர்காரர் வந்தா தாராளமா எடுத்துட்டு போகட்டும். உரிச்ச ஸ்டிக்கரும் கவரும் மட்டும் தரமாட்டேன், அதுக்கு போட்டோ இதோட இருக்கு.