குயில்ட் தைக்க ஃப்ரேம் கட்டாயமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளிர் பக்கத்தில் கையால் குயில்ட், அதாவது துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை, தைப்பதைப் பற்றிப் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். கைத்தையலுக்கு இன்றைக்கு யார் அரைப்பக்கம் ஒதுக்குகிறார்கள்? ஆனால் ஃப்ரேமில் துணியை மேளம் மாதிரி இறுக்கிக் கட்டித்தான் தைக்க வேண்டும் என்று ஒரு வரி வந்திருந்ததே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த இறுக்கம் கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்ப்ராய்டரி வேலைக்குச் சரி. ஆரி ஊசி மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கிறது, துணி தொய்ந்தால் வேலை ஓடாது. குயில்ட் வேறு. மேல்துணி, நடுவில் பஞ்சோ பழைய துணியோ, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுகிறோம். ஊசியை ஆட்டி ஆட்டி மூன்று நான்கு தையலைக் கோத்துக்கொண்டு அப்புறம்தான் நூலை இழுப்போம். அடியில் இருக்கும் இடது கை விரல் துணியைக் கொஞ்சம் நெம்பிக் கொடுத்தால்தான் ஊசி முனை திரும்பி மேலே வரும். இறுக்கிக் கட்டிய துணியில் விரல் எங்கே நெம்பும்? ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான். அதனால் வட்ட வளையம் போட்டாலும் பெரிய சட்டம் போட்டாலும், நடுவில் உள்ளங்கையை வைத்தால் லேசாகப் பள்ளம் விழுகிற அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில், பெயர் வேண்டாம், ஸ்டாண்டோடு ஃப்ரேம் வாங்கி வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லி எங்கள் தெருப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டு ஹாலில் ஃப்ரேமை நிறுத்தினால் ராத்திரி பாய் விரிக்க இடம் கிடையாது. வங்காளத்தில் காந்தா என்கிற அடுக்குப் போர்வை தைக்கிற பெண்கள் பழைய புடவைகளைத் தரையில் அடுக்கி வைத்து ஃப்ரேம் இல்லாமல்தான் காலங்காலமாகத் தைக்கிறார்கள். வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் துண்டுத் துணிகளை வைத்துத் தைக்கும் கவுதி என்ற போர்வைக்கும் ஃப்ரேம் இல்லை, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் பிறந்த குழந்தைக்குப் பழம்புடவையை அடுக்கித் தைத்தார்களே, அவர்கள் யாரிடம் போய் ஸ்டாண்டு வாங்கினார்கள்?

ஃப்ரேமின் முக்கிய வேலை மூன்று அடுக்கும் நகராமல் பார்த்துக்கொள்வது, அடியில் சுருக்கம் விழாமல் காப்பது. அந்த வேலையில் பெரும்பகுதியை முன்கூட்டியே போடும் தற்காலிகத் தையல் செய்துவிடும். அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய், நான்கு விரற்கடைக்கு ஒரு வரிசையாக நீளத் தையல் ஓட்டிவிட வேண்டும். இதில் சோம்பல் பட்டால்தான் பின்னாடி அழ வேண்டிவரும். அப்புறம் மடியில் போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே, டிவி பார்த்துக்கொண்டுகூடத் தைக்கலாம். ஒரு முழத்துக்கு மேல் நூல் வேண்டாம், சிக்கும். தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் நல்லது. ஊசி குட்டையாக இருக்கட்டும், பிட்வீன்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், நம்பர் ஏற ஏற ஊசி சின்னதாகும், பழகாத கைக்கு 9 போதும். நடுவிரலுக்குத் திம்பிள், அதாவது ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை, போடாமல் உட்காராதீர்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் பஞ்சு எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நடுவில் ஒரு பழைய வேட்டி போதும், மெல்லிய அடுக்கு அவ்வளவாக நகராது, ஃப்ரேமின் தேவையும் பாதி குறைந்துவிடும். குறிஞ்சிப்பாடி பக்கம் நெய்கிற கட்டம் போட்ட கைலித் துணியை மேலே வைத்தால் இன்னும் சௌகரியம், சாக்பீஸால் கோடு போடவே வேண்டாம், கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஃப்ரேமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டில் அளவுப் போர்வையை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து தைப்பதென்றால் பெரிய சட்டம்தான் வசதி. நூலை வெடுக்கென்று இழுத்துத் துணியைச் சுருக்கிவிடும் கைக்கு 14 அங்குல வளையம் உதவும், ஆனால் எம்ப்ராய்டரிக்கு வாங்கும் மெல்லிசு வளையம் மூன்று அடுக்கைத் தாங்காது, கனமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். தைத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். கடற்காற்றில் அந்தத் திருகாணி துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கினால் போகாது, வளையத்தின் தடமும் பதிந்துவிடும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தத் தற்காலிகத் தையல் போடுவதைப் படத்தோடு போடுங்கள். வகுப்பு நடத்துகிறவர்களும் முதல் மாதம் ஒரு தலையணை உறை அளவை மடியில் வைத்தே தைக்கச் சொல்லட்டும், ஃப்ரேம் வேண்டுமா என்று அதற்குப் பிறகு அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.