பிந்தி வரும் பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதிய குழுவுக்கு நீ பொறுப்பேற்றிருப்பதும், அந்தப் பழைய வலைச்செயலியைத் திருத்தி எழுதும் வேலை உன்னிடமே வந்திருப்பதும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நான் இப்போது இளைய நிரலாளர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்து வருவதால், நீ கேட்டிருக்கும் கேள்வி ஏறக்குறைய தினமும் என் முன் வந்து நிற்கிறது.

தேடல் பெட்டியில் முழுச் சொல்லையும் தட்டி முடித்த பிறகும் சில நேரம் பாதிச் சொல்லுக்கான முடிவுகளே திரையில் தங்கிவிடுகின்றன, பிழைகளைக் காட்டும் உலாவியின் கன்சோலிலோ ஒரு பிழையும் இல்லை என்று எழுதியிருந்தாய். பயனர் ‘கா’ என்று தட்டியதும் தரவைத் தரும் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. ‘காற்று’ என்று முடித்ததும் இன்னொன்று போகிறது. ‘கா’வுக்குப் பொருந்தும் பதிவுகள் ஏராளம் என்பதால் சர்வர் அதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது ‘காற்று’க்கான பதில் முந்தி வந்து திரையில் அமர்ந்த பின்னர், ‘கா’வின் பதில் வந்து அதை அழித்துத் தன்னை எழுதிக்கொள்கிறது. பதில்கள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பின்னர் வரவிருக்கும் மதிப்பைக் குறிக்கும் ப்ராமிஸ் 2015-இலும், அதற்காகக் காத்திருக்க உதவும் அசிங்க், அவெய்ட் என்ற சொற்கள் 2017-இலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழித் தரத்தில் சேர்ந்த பிறகு, காத்திருப்பதை எழுதுவது எளிதாகிவிட்டது. ஆனால் மேலிருந்து கீழாக வாசிக்க முடிகிற நிரல், உலகமும் அதே ஒழுங்கில் நடக்கிறது என்று நம்பவைத்துவிடுகிறது. அவெய்ட் நிறுத்திவைப்பது அந்த ஒரு ஃபங்ஷனை, அதாவது நிரலின் அந்த ஒரு பகுதியை மட்டும்தான். பயனர் அதற்குள் அடுத்த எழுத்தைத் தட்டிவிடுகிறார். ஆகவே, வந்த பதில் இன்னும் தேவைதானா என்று காட்டுவதற்கு முன்பு கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு புதிய தேடலின்போதும் கோரிக்கையை ரத்துசெய்ய உதவும் முந்தைய அபார்ட்கண்ட்ரோலரின் அபார்ட்டை அழைத்துவிட்டு, புதியதொன்றை உருவாக்கி அதன் சிக்னலை, கோரிக்கை அனுப்பும் ஃபெட்சுக்குக் கொடு. ரத்தான கோரிக்கை அபார்ட்எரர் என்ற பெயரில், பிழைகளைப் பிடிக்கும் கேட்சில் வந்து விழும். அதைப் பயனரிடம் பிழையாகக் காட்டிவிடாதே. தட்டுவது சற்று நின்ற பிறகே கோரிக்கை அனுப்பும்படி நீ சேர்த்திருக்கும் டிபவுன்ஸ், கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, பதில்கள் ஒன்றையொன்று முந்துவதைத் தடுக்காது.

இன்னொன்று: சர்வர் 404 (பக்கம் இல்லை) அல்லது 500 (சர்வரில் கோளாறு) என்ற பிழை எண்ணை அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. கோரிக்கை வெற்றியா என்று சொல்லும், பதிலின் ஓகே பண்பை நீதான் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரிக்க முயன்று, காரணத்துக்குத் தொடர்பே இல்லாத பிழைச்செய்தி ஒன்று வரும்.

சோதிக்கும்போது உலாவியில் இணைய வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது போதாது. எல்லாக் கோரிக்கைகளும் ஒரேபோலத் தாமதமாவதால் வரிசை மாறாமலேயே இருந்துவிடலாம். சோதனைச் சர்வரில் ‘கா’ என்ற தேடலுக்கு மட்டும் 2 விநாடி தாமதம் வைத்துப் பார். என்ன கண்டாய் என்பதை அந்தத் தேடல் ஃபங்ஷனோடு சேர்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்