காலாண்டு விடுமுறைக்கு வா, கண்ணு

கொடைக்கானல்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மே முதல் வாரம் மூன்று நாள் வருவதாக நேற்று போனில் சொன்னாய். அப்போது சரியென்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே விட்டுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேயில் வேண்டாம். செப்டம்பர் கடைசியில், காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் வாருங்கள். மூன்று நாள் பத்தாது, ஐந்து நாள் வேண்டும்.

போன மே மாதம் நினைவிருக்கிறதா? வத்தலக்குண்டு தாண்டி மலையேறிய கார் வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வழியெல்லாம் வண்டிக்குப் பின்னால் வண்டி. பேரன் மூன்று தடவை வாந்தியெடுத்து, முகம் வெளுத்துப் போய் உன் மடியில் கிடந்தான். மறுநாள் வேன் பிடித்து ஒரே பகலில் பன்னிரண்டு இடம் போனீர்கள். தூண் பாறையில் மேகம் மூடி ஒன்றுமே தெரியவில்லை. விலகும்வரை நிற்க நேரமில்லை, அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். அன்று ராத்திரி அவனைப் பக்கத்தில் படுக்கவைத்து, "கொடைக்கானல்ல என்னடா பார்த்தே?" என்று கேட்டேன். "நிறைய காரு தாத்தா" என்றான். ஏழு வயதுப் பிள்ளை பார்த்ததைத்தானே சொல்வான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பெரிய குறையாகவே இருக்கிறது.

சீசனை நான் பழிக்கவில்லை. பிரையண்ட் பூங்காவில் முப்பது வருஷம் மண்ணைக் கிளறியவன் நான். மே மாத மலர்க் கண்காட்சிக்கு முந்தின குளிர்காலத்திலேயே நாற்று விடத் தொடங்குவோம், உனக்குத் தெரியும். உறைபனி விழும் ராத்திரிகளில் நாற்றுகளை மூடிவைத்துவிட்டு, விடிவதற்குள் போய்த் திறந்து பார்ப்பேன். 1908இல் போட்ட இருபது ஏக்கர் தோட்டம் அது. அதில் பூத்த ஒவ்வொரு டேலியாவும் எனக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. ஆனால் பூங்கா பூங்காதான், மலை மலைதான். பேரனுக்கு நான் மலையைக் காட்ட வேண்டும்.

காரில் வராதீர்கள். சென்னையில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் கொடை ரோடு. அங்கிருந்து மலைக்கு எண்பது கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் வந்தால், மலைக்கு வரும் வண்டிகளுக்குக் கேட்கிற இ-பாஸ் எடுக்கும் வேலையும் இல்லை. அவனை முன் இருக்கையில், வெளியே பார்க்கிற மாதிரி உட்கார வை. வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதே. டம்டம் பாறைக்கு வரும்போது எழுப்பிவிடு. எதிர்மலையில் ஒரு வெள்ளைக் கயிறு தொங்குகிற மாதிரி தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்று நீ சின்ன வயதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். 297 மீட்டர் உயரம். நம் மாநிலத்தில் அதைவிட உயர்ந்த அருவி இல்லை.

முதல் நாள் எங்கேயும் போக வேண்டாம், நன்றாகத் தூங்கட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனை நான் ஏரிக்குக் கூட்டிப் போகிறேன். நீங்களும் வாருங்கள். சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் வருவதற்கு முன்னால் சுற்றிவர வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்குள்தான். தண்ணீர்மேல் ஆவி மாதிரி பனி எழும்பிக்கொண்டிருக்கும். வெயில் பட்டதும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அது நகர்ந்து போகும். அந்த நேரத்தில் முக்குளிப்பான் பறவை முங்கி எழுகிற சத்தம்கூடக் காதில் விழும். ஏரி என்று சொல்கிறோமே, இதுவும் மனுஷன் கட்டியதுதான் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863இல் இங்கே ஓடைக்குக் குறுக்கே கரை போட்டார். பள்ளம் எங்கெல்லாம் நீண்டதோ அங்கெல்லாம் தண்ணீர் புகுந்து நட்சத்திர வடிவம் வந்தது. கரையில் நடக்கும்போது அது தெரியாது, வளைந்து வளைந்து போவதாகத்தான் இருக்கும். சாயங்காலம் மேலே ஏரிக் காட்சிமுனைக்குக் கூட்டிப்போய், காலையில் நடந்த வழியை விரலால் வரைந்து காட்டச் சொல்ல வேண்டும்.

படகுக்கும் போகலாம். மிதிபடகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். மாப்பிள்ளை துடுப்புப் போடட்டும். லைஃப் ஜாக்கெட்டை அவன் கழற்றாமல் நீ பார்த்துக்கொள்.

அந்தத் தண்ணீரை அவன் கையால் அள்ளிப் பார்க்கட்டும். காரணம் இருக்கிறது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் ஓடையாக ஓடி சில்வர் காஸ்கேட் அருவியில் விழுகிறது. போன தடவை அருவியில் நின்று போட்டோ எடுத்தீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை முதலில் ஏரி, ஊருக்குத் திரும்பும் நாளில் அருவி. "நீ படகு விட்ட தண்ணிதான்டா இது" என்று நானே சொல்ல வேண்டும்.

கோக்கர்ஸ் வாக்குக்கு ஒரு சாயங்காலம் போகலாம். 1872இல் கோக்கர் என்ற பட்டாளத்து அதிகாரி மலையின் விளிம்பில் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். கீழே பெரியகுளம், வானம் தெளிந்திருந்தால் இன்னும் தூரத்து ஊர்கள். நீ நாலாவது படிக்கும்போது அங்கே நடந்தது நினைவிருக்கிறதா? வெயில் நம் முதுகில், எதிரே பள்ளத்தில் மேகம் சுவர் மாதிரி நின்றது. அந்த மேகத்தின்மேல் உன் நிழல் பெரிய உருவமாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வட்டம். நீ கையை ஆட்டினாய், அதுவும் ஆட்டியது. பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாய். சூரியன் பின்னாலும் மேகம் முன்னாலும் சரியாக அமைந்தால்தான் அது கிடைக்கும். அவனுக்குக் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஐந்து நாள் கேட்கிறேன். இந்த மலையில் மேகம் விலகவும் காத்திருக்க வேண்டும், மேகம் வரவும் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காட்டுக்குள் இருக்கிற பேரிஜம் ஏரி. அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், நான் முன்னதாகவே விசாரித்துவைக்கிறேன். போகும் வழியில் பைன் காடும் சோலைக்காடும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டிலும் என்ன வித்தியாசம் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பைன் மரத்தடியில் சருகு மெத்தைதான், வேறெதுவும் அதிகம் முளைக்காது. சோலையில் மரத்தின்மேல் பாசி, பாசிமேல் பெரணி, பெரணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். பைனும் யூகலிப்டஸும் சீகை என்று நாங்கள் சொல்கிற வாட்டில் மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சீகை தானாகவே பரவி எத்தனையோ புல்வெளியை விழுங்கிவிட்டது. நான் பிள்ளையாக ஓடித் திரிந்த மேடுகளில் இப்போது புல்லே இல்லை. புல்லும் சோலையும்தான் மழையைக் குடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் இந்த மலையிலிருந்து தண்ணீர் போகிறது. தோட்டக்காரனாக இத்தனை வருஷம் வெளிநாட்டுப் பூவையெல்லாம் வளர்த்தேன். வயதாக ஆகத்தான் இந்தச் சோலையின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது. அவனுக்குச் சின்ன வயதிலேயே புரியட்டும்.

இன்னொரு நாள் பூம்பாறை, மன்னவனூர். பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, படிப்படியாக இறங்குகிற பூண்டுத் தோட்டங்களை மேலிருந்து பார்க்கலாம். 2019இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா இரண்டு கிலோ வாங்கி உனக்குக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மன்னவனூரில் ஆட்டுப்பண்ணை, ஏரி, பரிசல், கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. அங்கே அவனை ஓடவிட்டுவிட்டு நீ சும்மா உட்கார். உன் குரலைக் கேட்டாலே எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாய் என்று தெரிகிறது.

மாப்பிள்ளை மலையேற்றம் பற்றிக் கேட்டதாகச் சொன்னாய். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறிவரும் பழைய பாதை இருக்கிறது. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் மலைக்கு ஏறிவந்தவர்கள் இந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள். என் தாத்தா இங்கே டோலி தூக்கியவர். நாலு பேர் தோளில் வைத்துத் துரைமாரைச் சுமந்து ஏறுவார்கள். அவர் தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள், ஊரே அவர்களுக்குக் கோயில். மாப்பிள்ளை போவதென்றால் பாதை தெரிந்த உள்ளூர் ஆளோடு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதுவும் மழையில்லாத நாளில். பேரன் கால் இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். டால்பின் நோஸ் பாறை நுனிக்கு யாரும் போகக் கூடாது, போட்டோவுக்காகக்கூட. எந்தக் காட்சிமுனையிலும் கம்பியைத் தாண்டக் கூடாது. காட்டெருமை இப்போதெல்லாம் தெருவிலேயே நிற்கிறது. சாதுவாகத் தெரியும், பக்கத்தில் போனால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தூரத்தில் நின்று, அது போகும்வரை பொறுத்திருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவா.

கடைசியாக ஒன்று, முக்கியமாக இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 1994இல் குறிஞ்சி பூத்தபோது உனக்கு நாலு வயது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். 2006இல் நீ உன் தோழிகளோடு போய்விட்டு வந்து, மலையே நீலமாகிவிட்டது என்று சொன்னாய். 2018இல் பூத்தபோது உன் பிரசவம். நானும் அம்மாவும் சென்னையில் உன் பக்கத்தில் இருந்தோம். பேரனைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் பூவை நினைக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது சரிவெல்லாம் காய்ந்து, விதைக்கு நின்றது. குறிஞ்சி ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகிற செடி. அன்று உதிர்ந்த விதையில் முளைத்தவையும் உன் பிள்ளையும் ஒரே வயது. இனி 2030இல் பூக்கும். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு அறுபத்தெட்டு.

இப்போது அவை வெறும் பச்சைப் புதராக நிற்கின்றன. வேனில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் பக்கத்துச் சரிவில் எனக்குத் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது. அவனை அங்கே கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டி, அவன் உயரத்தையும் அதன் உயரத்தையும் அளந்து என் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். வருஷா வருஷம் காலாண்டு லீவில் வந்து அவனே அளக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு எழுது. மே டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. பேரனுக்கு ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்கு, உள்ளே கம்பளிச் சாக்ஸ் போட வேண்டியிருக்கும். ஸ்வெட்டரை அம்மா பின்னத் தொடங்கிவிட்டாள். அவனுடைய மார்பளவும் கை நீளமும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா