பிரமாணப் பத்திரம் தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனநாயகத்துக்காகவும் மக்கள் பாதுகாப்புக்காகவும் உழைக்கும் தன்னார்வ அமைப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கடையில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் படித்தேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், பி.எஃப். பாரம் என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களின் காகிதம் பாதி என் மெஷின் வழியாகத்தான் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஏ.டி.ஆர். எனப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைக் கட்டுரை பாராட்டியது நியாயம்தான். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கியது அது. வேட்பாளர் மீது என்ன வழக்கு, எவ்வளவு சொத்து, எதுவரை படிப்பு என்று ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கட்சிகள் சும்மா இருக்குமா? சட்டத்தையே திருத்தி அதை மழுங்கடிக்கப் பார்த்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலான அமைப்புகள் மறுபடி வழக்காடி, 2003 மார்ச்சில் அந்தத் திருத்தமும் செல்லாது என்று ஆனது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரியில் ரத்தான வழக்கிலும் ஏ.டி.ஆர். ஒரு மனுதாரர். இவ்வளவு பாடுபட்டு வாங்கியதுதான், வேட்பாளர் தன் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைச் சத்தியம் செய்து எழுதித் தருகிற படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம்.

சரி, அந்தத் தாள் எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் வரைக்கும் வருகிறதா?

2024 மக்களவைத் தேர்தலின்போது இடுக்கித் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து எடுத்து, பிரிண்ட் போட்டு, கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் வந்த ஒரு அக்கா, “இது என்ன தம்பி, ஏல நோட்டீசா?” என்று கேட்டார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அந்தத் தாள்களில் ஒரு வரி தமிழ் கிடையாது. உட்கார வைத்துப் படித்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “கேசு இருக்குங்கிறே, சரி. நமக்காகக் கொடி பிடிச்சுப் போன கேசா, எவனையாவது அடிச்ச கேசா?” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாளில் அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள்தான் இருந்தன. 143, 147, 283 என்றால் கூட்டம் கூடியது, கலகம் செய்தது, வழியை மறித்தது. 307 என்றால் கொலை முயற்சி. இதை நானே அப்புறம் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மறியலுக்கும் பந்த்துக்கும் போகாத அரசியல்வாதி கேரளத்தில் ஏது? ஏ.டி.ஆர். தன் அறிக்கைகளில் ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரியவை, ஜாமீனில் வெளிவர முடியாதவை போன்றவற்றைக் ‘கடுமையான வழக்கு’ என்று தனியே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் செய்தியாக இறங்கி வரும்போது ‘இத்தனை பேர் மீது கிரிமினல் வழக்கு’ என்ற ஒற்றை எண்தான் மிஞ்சுகிறது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் எல்லையும் போலீசும்தான் ஞாபகம் வரும். குமுளி எல்லையில் இருக்கிற எங்களுக்கும் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் வண்டிகள் ஓடாமல் கிடந்தது மறக்கவில்லை. ஆனால் தோட்டத்து ஜனங்களைக் கேட்டால் பாதுகாப்பு என்பது தலைக்கு மேல் உள்ள தகரமும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணும்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். நான்கு பேர் உடல் கிடைக்கவே இல்லை. பலரும் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அந்த லயத்துக்கு யார் என்ன செய்வார், ஓட்டுக் கேட்டு வருபவருக்கு எங்கே நிலம் இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தத் தாள் எங்களுக்கு வேண்டும்.

தமிழில் கேட்பது சலுகை அல்ல. 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளாட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் தமிழிலும் அச்சாகிறது. பெயரைத் தமிழில் தருகிறவர்கள் அவர் மேல் உள்ள வழக்கை மட்டும் ஏன் வேறு மொழியில் வைக்க வேண்டும்?

தேர்தல் அதிகாரிகள் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தொகுதிகளுக்கு இதைத் தமிழில் தரட்டும். அவர்கள் தாமதித்தால் ஏ.டி.ஆர். போன்ற அமைப்புகள் வேட்பாளருக்கு ஒரு பக்கம் என்று சுருக்கி, பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் அது என்ன குற்றம் என்பதையும் நாலு வார்த்தை தமிழில் எழுதி அனுப்பட்டும். பீர்மேடு தொகுதிக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கிற செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.