செயலாளர் ஆண்டறிக்கை 2018-19

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன், சந்தா பாக்கிச் சீட்டும் கூடவே வரும்.

பொங்கல் விழா, நூலக நாள், இரத்ததான முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

அப்புறம் நியாவுங்ஷ்வே ஊரின் பழைய சிற்றரசர் மாளிகைக்குப் போய்வந்தது. மியன்மாரின் ஷான் மாநிலத்துப் பழைய மாளிகைகளைப் படமெடுத்து அளவெடுத்துப் பதிந்துவைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் எல்லோரும் கைதூக்கினோம். யாங்கூனிலிருந்து கிளம்பியது நானும் பொருளாளரும்தான். "அது அரசாங்க அருங்காட்சியகம், நமக்கென்ன?" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அதே ஷான் மாநிலத்தின் கெங்துங் ஊர் அரண்மனையும் அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. 1903 டெல்லி தர்பாருக்குப் போய்வந்த சாவ்பா, அதாவது ஷான் சிற்றரசர், இந்தியப் பாணியில் கட்டியது. 1991-இல் ராணுவ அரசு அதை இடித்துத் தள்ளியது. அந்த இடத்தில் ஹோட்டல் வந்தது.

நியாவுங்ஷ்வே மாளிகை தப்பியது. கீழே செங்கல், மேலே தேக்கு, மண்டலே அரண்மனை மாதிரியில் அடுக்குக் கூரை. கடைசி சாவ்பா சாவ் ஷ்வே தைக் 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவரானார். 1962 மார்ச் ராணுவப் புரட்சியில் அவரைப் பிடிக்க வந்த இரவே மகனைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் அதே ஆண்டு சிறையில் இறந்தார். மாளிகை அருங்காட்சியகமாகி, நடுவில் புத்தர் அருங்காட்சியகம் என்றும் பெயர் மாறியது. வாழ்ந்தவர் யாரென்று தெரியாமலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம்!

சீரமைப்பு என்றால் வார்னிஷ் அடிப்பது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். ஒழுகும் கூரைதான் மரக்கட்டடத்துக்கு எமன். தண்ணீர் இறங்கினால் தேக்காகவே இருந்தாலும் மூட்டுகள் உளுத்துவிடும். பழைய தூண், பலகை, கைப்பிடி எல்லாவற்றின் அளவும் கையில் இருந்தால்தான் தச்சர் அதே மாதிரி மாற்று மரம் செதுக்க முடியும். நாங்கள் போனது ஊர் சுற்ற அல்ல என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. படத்தொகுப்பு மட்டும் பணமில்லாமல் அச்சகத்தில் நிற்கிறது. சந்தாவில் பாதிகூட வரவில்லை, கைதூக்கியவர்களே தரவில்லை.

தலைவருக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் தந்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஷான் மாநிலத்தின் சீபோ ஊர் மாளிகைக்குப் போக எண்ணம். 1962-இல் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போன சீபோவின் கடைசி சாவ்பா சாவ் கியா செங்கின் வீடு அது. வர விரும்புவோர் பெயருடன் சந்தாவையும் தரலாம். நானே செயலாளராகத் தொடர்வதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பாக்கி வைத்தவர்களுக்கு வாக்கு இல்லை என்று ஒரு விதி இருக்கிறது, இதுவரை அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.