மகளுக்கு: பில் கட்டும் கணக்கைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். கரண்ட் பில்லையும் போன் பில்லையும் ஒரே இடத்தில் கட்டுவதற்கென்று ஆன்லைனில் கணக்கு தொடங்கிக் கொடுத்தும், நான் இன்னும் கவுண்டருக்குப் போய் நிற்கிறேனே என்று போனில் கோபப்பட்டாய். அதற்குரிய பதிலை நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு சில மாதங்களில் காலாவதியாகிவிடுகிறது. பழையதைத் திரும்ப வைக்கவும் விடுவதில்லை. அதைக் கடந்தால், குறுக்கே கோடிழுத்த கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்ட வேண்டும். பிறகு பிறந்த ஊர் எது என்று கேட்கிறது. செங்கோட்டையை ஆங்கிலத்தில் என் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ரயில் நிலையப் பலகையில் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். அன்று நீ எதைக் கொடுத்தாயோ அது மட்டுமே செல்லும். கடைசியில் ஓடிபி. புளியரையில் நம் வீட்டுப் பின்கட்டில் போன் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்வது உனக்குத் தெரியும். சாரல் காலத்தில் அந்த எண் வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

இத்தனை காவலும் எதற்கு? அந்தக் கணக்கில் என் இணைப்பு எண்ணும் பாக்கித் தொகையும் இருக்கின்றனவே தவிர, பணம் இல்லை. பணம் வெளியேறுவது வங்கியிலிருந்து. அங்கே கார்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009இலேயே கட்டாயமாக்கியது, யுபிஐக்கு 'பின்' என்கிற ரகசிய எண் இருக்கிறது. அவை வேண்டியவை, அவற்றை நான் குறை சொல்லவில்லை.

அளவுக்கு மீறிய கட்டுப்பாடு பாதுகாப்பையே குலைக்கிறது என்பதுதான் என் வருத்தம். நம் தெருவில் பலர் பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டர் பையனிடமே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய நோட்டில் அவை வரிசையாக எழுதப்பட்டிருப்பதை நானே பார்த்தேன். காரணமின்றிக் காலக்கெடு வைத்து பாஸ்வேர்டை மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அறிவுறுத்திவிட்டது. "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று குறுஞ்செய்தி அனுப்பி ஏமாற்றுகிறவர்களோ, பயந்துபோனவர்களின் வாயாலேயே ஓடிபியை வாங்கிவிடுகிறார்கள். அவர்களை இந்தப் பூட்டுகளில் எதுவும் தடுப்பதில்லை.

ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான மாதாந்தரப் பில்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரம்பை உயர்த்தியிருக்கிறது; பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவலும் வந்துவிட வேண்டும். பொங்கலுக்கு வரும்போது போன் பில்லுக்காவது என் வங்கிக் கணக்கில் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடு. அதுவரை இணைப்பு எண்ணைச் சொன்னதும் ரசீது கொடுக்கிற கவுண்டரில்தான் கட்டுவேன். அதற்காக என்னிடம் கோபித்துக்கொள்ளாதே, அம்மா.

இப்படிக்கு,
அப்பா