வி.ஆர். கண்ணாடி மலைக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு வி.ஆர். கண்ணாடி, அதாவது கண்ணை முழுக்க மறைத்து வேறொரு இடத்தில் இருப்பது போலக் காட்டும் கருவி, மாட்டிப் பயிற்சி கொடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, மலையில் இருக்கிறவர்கள் அதற்கு எங்கே போவது என்று ஒரு வரிகூட இல்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

நீலகிரியில் கோத்தகிரி பக்கம், கட்டபெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. அவர் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் வண்டி ஓட்டினார். போன வருடம் இடது கையும் காலும் விழுந்துவிட்டது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேதான் இந்தக் கண்ணாடியைப் பார்த்தேன்.

அதற்குள் ஒரு பழக்கடை தெரியும். இடது கையால் ஆரஞ்சை எடுத்துக் கூடையில் போட வேண்டும். அவர் பார்ப்பது பக்கத்து டிவியில் எனக்கும் தெரியும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்போது அவருக்கு நினைவில் இல்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். பிசியோதெரபி தம்பி பழங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தி வைப்பார். இவர் தலையைத் திருப்பித் தேடுவார், கை நடுங்கும், பழம் நழுவும், ‘அட சனியனே’ என்று மறுபடி கையை நீட்டுவார். பிளாஸ்டிக் கூம்பை எடுத்து வைக்கச் சொன்னால் நாலு தடவையில் போதும் என்பவர், பழம் என்றதும் வியர்க்க வியர்க்கச் செய்தார். இவ்வளவு நேரமும் அந்தத் தம்பியின் ஒரு கை இவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடியே இருக்கும். கருவி கண்ணை மறைத்துவிட்டால் நிற்கும் தரை தெரியாது, சாய்ந்தால் பிடிக்க ஆள் வேண்டும். கட்டுரையில் வந்த படத்தில் அந்தக் கையைக் காணவில்லை!

வீட்டுக்கு வந்த பிறகு வாராவாரம் கோவைக்கு வரச் சொன்னார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மட்டுமே 33 கிலோமீட்டர், முழுக்க வளைவு. பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கினால், தலைசுற்றலோடு கண்ணாடி மாட்டக் கூடாது என்று உட்கார வைத்துவிடுவார்கள். அதுவும் நியாயம்தான். நல்ல உடம்புக்காரர்களுக்கே சில பேருக்கு அதை மாட்டினால் குமட்டும், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. டாக்ஸி வைத்தால் அந்த வாரக் கொழுந்துப் பணம் அதற்கே போய்விடும். இங்கே பறிக்க ஆள் இல்லாமல் கொழுந்து முற்றிப்போகும். ஒரு கட்டத்தில் போவதை நிறுத்திவிட்டோம். கை கால் திரும்புவதில் பெரும்பங்கு முதல் மூன்று, ஆறு மாதத்துக்குள்தான் நடக்கும் என்கிறார்கள். எங்களுக்கு அந்த நாட்கள்தான் இப்படிப் போயின.

அப்புறம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி தங்கச்சி ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் நடுவாக நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் விழுந்த கையே அசைவது போலத் தெரியும். மூளை அதைக் கொஞ்சம் நம்பிவிடுமாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990களில் செய்து பார்த்த முறை இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. பீரோக் கண்ணாடியைக் கழற்றித்தான் நாங்கள் செய்கிறோம்.

அப்படியென்றால் வி.ஆர். எதற்கு என்று என் மகளைக் கேட்டேன். நர்சிங் படிக்கிறாள். காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டதைப் படித்துச் சொன்னாள். வழக்கமான கைப் பயிற்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கமானதோடு கூடுதலாகச் சேர்த்துச் செய்தால் கைக்குப் பலன் கிடைக்கலாம். நான் கண்டதும் அதுதான். இன்னும் கொஞ்ச நேரம் செய்ய வைக்கிறது, அவ்வளவே. அந்தக் கொஞ்ச நேரம்தான் வீட்டில் கிடைப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். வீட்டுக்கு வரும் அந்தத் தங்கச்சியின் பையில் ஒரு வி.ஆர். கண்ணாடி இருக்கட்டும். இப்போது வருகிறவை அரைக் கிலோதான், கம்ப்யூட்டர் தேவையில்லை, சார்ஜ் இரண்டு மணி நேரம் நிற்கும். எங்கள் பக்கம் மழை பெய்தால் நெட் போய்விடும், ஆகவே எல்லாவற்றையும் முன்பே ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஊட்டியில் 2025-ல் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து தாலுகாவுக்கு இரண்டு கண்ணாடி, அதைப் பழக்கிக் கொடுக்க ஒருவர் என்று தொடங்கலாம். ஆள் இல்லாமல் கண்ணாடியை மட்டும் வாங்கி அனுப்பினால் பீரோவில்தான் இருக்கும்.

உள்ளே என்ன தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். பழம் விழுந்ததும் ‘வெல் டன்’ என்று ஒரு பெண் குரல் வரும். என்ன சொல்லுது இது என்பார் இவர். தமிழில் பேசட்டும். பழக்கடை வேண்டாம், தேயிலைச் சரிவைக் காட்டட்டும், பாத்தி நடுவே ஒற்றையடிப் பாதையைக் காட்டட்டும். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர, மண்ணில் வெட்டிய படிகள் ஏற வேண்டும். ஆஸ்பத்திரித் தரையில் நன்றாக நடந்தவர், இங்கே வந்து முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

மலைக்குப் புதிதாக வரும் டிரைவர்களுக்கும் இதிலேயே பயிற்சி கொடுக்கலாமே என்றேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு, எத்தனை விபத்து! அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வளைவைக் காட்டுவான், சரி. ரெண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதிச்சா தீயுற வாசனை வருமே, அதை எப்படிக் காட்டுவான்?” என்கிறார். இருந்தாலும், தான் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க ஒரு பயிற்சி கண்ணாடிக்குள் உண்டா என்று அந்தத் தங்கச்சியைக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படி உண்டாம். நம் மாவட்டத்தில் எப்போது வரும் என்று சுகாதாரத் துறையினர் தங்கள் நாளிதழ் வழியாகவே பதில் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கட்டபெட்டு, நீலகிரி மாவட்டம்.